உரசிய கம்பம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயித்த அன்று ஃபோனில் உங்களிடம் ஒன்றைச் சொல்லவில்லை. அதற்கு முன், உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

கயாக் படகுப் பந்தயத்தில் ஆற்றின் மேல் தொங்கும் கம்பத்தை உரசினால் நம் நேரத்தோடு இரண்டு நொடி கூட்டிவிடுவார்கள். கடைசிக் கம்பத்தில் என் தோள் பட்டது. நடுவர் கவனிக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஒரு நொடியில் ஜெயித்தேன். அணியில் மிச்சமிருந்த ஒரே இடம் எனக்குக் கிடைத்தது. தோற்றது என் அறைத்தோழி. "அடிப்பாவி, பறந்துட்டியேடி!" என்று கட்டிக்கொண்டாள்.

இத்துடன் அனுப்பும் பதக்கத்தை ஹாலில் மாட்டாதீர்கள். தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு ஃபோன் போடுங்கள். இதுவரை அவள்தான் எழுப்பிவிட்டாள். பயிற்சிக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்

பி.கு.: நேற்று அவள், "எனக்கு இனி எதுக்கு?" என்று தன் துடுப்பை என் கட்டிலில் வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.