பூஜ்யத்தில் நின்ற முள்

அன்பு மகள் வாண்டுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதமே. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உனக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது, இன்னும் வாண்டு என்று கூப்பிடாதே என்று போன தடவை கோபித்துக்கொண்டாய், அவர்கள் யாரிடமும் நான் சொல்லப் போவதில்லை, கவலைப்படாதே. அம்மாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து சமையல் என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு பேருமே இளைத்துவிட்டோம், அவள் நோயால், நான் என் சமையலால். வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாயே, போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஐஸ் ஃபேக்டரியைப் பார்க்க ஒரு டீச்சர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார். முதலாளி என்னைத்தான் விளக்கச் சொன்னார், நானும் சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு உப்புத் தண்ணீர்த் தொட்டி, அதில் வரிசையாக இறக்கிய தகர டப்பாக்கள் என்று எல்லாவற்றையும் காட்டினேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். டப்பாவில் இருக்கிற தண்ணீர் மளமளவென்று குளிர்ந்து பூஜ்யத்துக்கு வரும், அப்புறம் மணிக்கணக்காக முள் அங்கேயே நிற்கும், இந்த வெப்பமானிகளே மட்டம், நானும் எத்தனையோ மாற்றிப் பார்த்துவிட்டேன், விற்கிறவன் ஏமாற்றுகிறான் என்று அளந்துவிட்டேன். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஐயா, மானி நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் பேரு உள்ளுறை வெப்பம் என்றார். தண்ணீர் கட்டியாகிற வரைக்கும் அதிலிருந்து வெப்பம் போய்க்கொண்டேதான் இருக்குமாம், ஆனால் முள்ளில் தெரியாதாம். உருகும்போதும் அப்படியே, நாம் கொடுக்கிற சூட்டையெல்லாம் கட்டி வாங்கி உருகுவதற்கே செலவழித்துவிடும், கடைசித் துண்டு கரைகிற வரை முள் அசையாது. கொதிக்கிற தண்ணீரைவிட ஆவி பட்டால் அதிகமாகச் சுடுவதும், வியர்வை காய்ந்தால் உடம்பு குளிர்வதும்கூட இந்த வெப்பத்தின் வேலைதானாம். ஆயுசு முழுக்க ஐஸ் போட்ட மனுஷன் நான், இது தெரியாமல் நல்ல நல்ல வெப்பமானிகளைக் குப்பையில் எறிந்திருக்கிறேன். கடைசியில் பிள்ளைகள் கைதட்டினார்கள், யாருக்கென்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இதை நானே கண்டுபிடித்தவன் மாதிரி அம்மாவிடம் சொன்னேன். பயிற்சி கொடுக்க வருகிற பெண் தினமும் ரப்பர் பந்தைக் கையில் வைத்து அழுத்தச் சொல்கிறாள், அம்மாவின் விரல் ஒன்றும் அசைவதில்லை. அதைக் காட்டி, உன் கையிலும் உள்ளே வேலை நடக்கிறது, முள்தான் காட்டவில்லை என்றேன். அதோடு விட்டேனா, ஸ்கூட்டர் கிளம்பாததற்கும் அதே காரணம் சொன்னேன், அரிசி வேகாததற்கும் அதே காரணம். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்க தலைக்குள்ளயும் அந்த வெப்பம்தான் இருக்கு போல, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் சூடு காட்டுறேன், முள்ளு நகரவே இல்லையே என்றாள். வாய்க்கு வாதம் வரவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

ஆனால் போன வாரம் அவள் பந்தைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டாள். போதும், இந்தக் கை அவ்வளவுதான், அந்தப் பொண்ணை வர வேண்டாம்னு சொல்லிடுங்க என்றாள். அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை, பயமாக இருந்தது. ஃபேக்டரியிலிருந்து டீச்சர் கிளம்பும்போது நான் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், மானி நிஜமாகவே பழுதாகியும் இருக்கலாமே, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தேன். இருக்கலாம்தான் ஐயா, மானியை விட்டுட்டுக் கட்டியைத் தொட்டுப் பாருங்க, ஓரம் கரைஞ்சிருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம் என்றார் அவர். அம்மா தூங்கும்போது அவள் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பயிற்சிக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டு உன்னை வரச் சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன்.

நேற்று சூப் வைத்தேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டிப் பழகிய கை இது, ஏற்கெனவே போட்டதை மறந்து இன்னொரு கரண்டி அள்ளினேன். ஐயையோ என்று என் கையில் ஒன்று போட்டாள். கரண்டி கீழே விழுந்தது. அடி என்று சொல்ல முடியாது, ஈரத்துணி மேலே விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் போட்டது வலது கை. இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம், சூப் பொங்கி அடுப்பு அணைந்தது. இன்னொரு தடவை அடி என்று கெஞ்சினேன், வரவில்லை. நான் அழுதுவிட்டேன், அவளும்தான். பயிற்சிக்காரப் பெண் வந்து பார்த்து, இது நல்ல அறிகுறி, ஆனா நாள் பிடிக்கும், இப்போ நிறுத்திடாதீங்க என்றாள். பந்தைக் கட்டிலுக்கு அடியிலிருந்து நான்தான் தவழ்ந்துபோய் எடுத்தேன், வெளியே வரும்போது தலையில் இடித்துக்கொண்டேன்.

அதனால் வேலையை விடாதே வாண்டு, லீவு கிடைக்கிறபோது வா, அது போதும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மாவிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, அப்பாவை இன்னைக்கு அடிச்சியா என்று கேள். மாப்பிள்ளையை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு, அடி வாங்கிய மகிழ்ச்சியில்,
உன் அப்பா

பி.கு.: கீழே நெளிந்து கிடக்கிற நீலக் கோடு மை சிந்தியது இல்லை. அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கி, இவர் அளப்பதை நம்பாதே என்று எழுதப் போனாள். விரல் இடுக்கில் பேனாவைச் செருகிக்கொண்டு, வலது கையால். ‘இ’ மட்டும்தான் வந்திருக்கிறது.