மயிலத்தில் செலுத்திய முடி

திண்டிவனம்
20-8-1985

மகன் கண்ணையனுக்கு, அம்மா பாஞ்சாலி சொல்லச் சொல்ல அண்ணன் சக்கரபாணி எழுதுவது. இங்கே ஏதோ இருக்கிறோம், அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் குழந்தையும் சுகமாயிருக்க மயிலம் முருகன் துணை. நீ அனுப்பிய முடி வந்தது, நான் வேண்டிக்கொண்டபடி ஆடிக் கிருத்திகையன்று மலையேறி உண்டியலில் செலுத்திவிட்டேன், வெள்ளைக்காரியைக் கட்டினாய் என்று எனக்குக் கோபம் இல்லை, குழந்தை ஆணா பெண்ணா, பெயர் என்ன என்று உடனே எழுது, பெயர் தெரியாமலே அர்ச்சனை பண்ண வேண்டியதாயிற்று.

அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். இனி எழுதுவது நான். உனக்குப் பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை, நீ அனுப்பியது முடியும் இல்லை என்று எனக்குத் தெரியும். பிலிம் ரோல் டப்பாவில் பொன்னிற இழையையும் கருப்பு மணியையும் அடைத்து ஹவாயிலிருந்து அனுப்பத் தெரிந்தவனுக்குக் கூடவே ஒரு வரி எழுதிப் போடக் கையில்லையா? நான் வெல்டிங் பட்டறையில் இருந்தபோது தபால்காரர் அம்மா கையில் கொடுத்துவிட்டார். முதல் பேரப்பிள்ளை முடி மயிலத்துக்கு என்று நீ பிளேன் ஏறும்போதே சொல்லி அனுப்பியவள் வேறென்ன நினைப்பாள், கண்ணிலும் புரை. நான் வீடு திரும்புவதற்குள் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. வெள்ளைக்காரியா இருந்தா இன்னா, முடிய மறக்காம அனுப்பிக்கினான் பாரு, திருஷ்டி மணியக்கூட அவுத்து அனுப்பிக்கிறான் என்று பெருமை.

எனக்குச் சந்தேகம். இரண்டு இழையை மறைத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய் கேஸ் தீயில் காட்டினேன். முடியென்றால் பொசுங்கி நாற வேண்டும், இது நாறவில்லை, சுருண்டு நுனியில் மணியாகத் திரண்டது. கண்ணாடி. எரிமலையில் வேலை பார்க்கிறவன் வேறெதை அனுப்புவான்? வெல்டிங்கில் தெறிக்கிற பொறியைத் தினம் பார்க்கிறவனுக்கு இது புரியாதா, உருகின துளி காற்றில் தனியாகப் பறந்தால் உருண்டையாக இறுகும், இளக்கமாக இருக்கும்போதே காற்று பிடித்து இழுத்தால் வால் முளைத்துக் கண்ணீர்த் துளி போலாகும், இன்னும் இழுத்தால் நூல், சுழன்றுகொண்டே போனால் நடு ஒடுங்கி இரண்டு தலை, இறுகுவதற்குள் தரையில் விழுந்தால் தட்டை. ஒரு இழையின் நுனியில் மணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டும் ஒரே எரிமலைக் குழம்புதான்.

சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தேன், நான் வளைத்துப் பேசுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜெயம் அக்கா, அம்மா விரலில் ஏறின இழைச் சிலாம்பை ஊசியால் எடுத்துக்கொண்டே, இன்னாம்மா, புள்ள முடி இப்படியா குத்தும் என்று கேட்டது. எங்கூட்டுப் புள்ளடி, ரோஷம் இருக்காதா, குத்தத்தான் குத்தும் என்று அம்மா சிரித்தாள். தையில் அப்பா போனதிலிருந்து படுத்த பாயை விட்டு எழாதவள், உன் அண்ணி ராஜாமணி கெஞ்சினால்தான் அரை டம்ளர் கேப்பைக் கூழ். அந்தச் சிரிப்பைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். மஞ்சள் துணியில் முடிந்து மயிலத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனதும் நான்தான். இப்போது எழுந்து நடமாடுகிறாள், சாப்பிடுகிறாள், தினமும் குழந்தை போட்டோ கேட்கிறாள். இதயம் பலவீனம், அதிர்ச்சி கூடாது என்று விழுப்புரம் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் எத்தனை நாள் ஓட்டுவது? நீ வா. லீவு இல்லை, ஆராய்ச்சி முடியவில்லை என்று கதை எழுதாதே. அவள் எதிரில் உட்கார்ந்து நீயே சொல், உன் முகத்தைப் பார்த்தாலாவது தாங்குவாளோ என்னவோ. என்னால் ஆகவில்லை.

மழை ஏமாற்றிவிட்டது, மல்லாட்டைச் செடி கடலை பிடிக்காமலே காய்ந்துபோயிற்று. எரிமலைப் பக்கம் போனால் மூக்கில் துணி கட்டு, விரலில் ஏறினதை ஊசியால் எடுத்தோம், நெஞ்சுக்குள் போனால் எதைக்கொண்டு எடுப்பது.

அம்மா வந்துவிட்டாள், அவள் சொல்வதை எழுதி முடிக்கிறேன். தீர்க்காயுசாக இருங்கள். ஒரு கருப்பு மணியை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், பிள்ளை வந்தால் என் கையால் இடுப்பில் கட்ட வேண்டும். மொட்டைத் தலையில் வெயில் படாமல் பார்த்துக்கொள், மறக்காமல் குல்லாய் போடு.

இப்படிக்கு
உன் அம்மா பாஞ்சாலி, கைநாட்டு
எழுதியது சக்கரபாணி