இனி நீ இளைக்க வேண்டியதில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் நீ அடுத்த வரியை நம்பமாட்டாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போனை எடுப்பதில்லை. அத்தான் அடித்தாலும் எடுப்பதில்லை. உன்னோடு பேக்கரியில் மாவு பிசைகிற மீசைக்காரர் லீவு முடிந்து கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டதும், அத்தான் பஸ் டூட்டி முடிந்த கையோடு, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல், அவர் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். 'கடுதாசியக் கையில குடுத்துட்டு, படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறேன்' என்று மீசைக்காரர் சொன்னாராம். நிற்கிற மனுஷனுக்குக் கால் வலிக்கும். அதற்காகவாவது முழுதாகப் படித்துவிடு.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உன் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, 'இந்த நிலைமையில உங்ககிட்டேருந்து கிட்னி எடுக்க முடியாது' என்று சொன்னதும் நீ எழுந்து வெளியே போய்விட்டாய். அந்த அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. அது மெள்ள மெள்ளச் சாத்திக்கொள்ளும் வரை டாக்டரம்மா, அத்தான், நான் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ வராந்தாவில் நிற்பாய் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் பெரிய பெட்டி இல்லை. நீ விமானம் ஏறிய விஷயமே மறுநாள்தான் எங்களுக்குத் தெரியும்.

நீ எழுந்து போனதால் பாதிதான் கேட்டாய். மீதியை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உன் கிட்னி கெட்டுப்போகவில்லை. அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இளைக்க வைக்கும் என்று அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்ததும், உடம்பிலிருந்து நீரை இறக்கும் மாத்திரையைக் கடையில் நீயாக வாங்கிப் போட்டதும் சேர்ந்து அதை வாட்டிவிட்டது என்றார். நிறுத்திவிட்டு நன்றாகச் சாப்பிட்டால் தேறிவிடுமாம். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கிற கிட்னி என்றால் துளி சந்தேகமும் இருக்கக்கூடாதாம். கொடுக்கிறவருக்கு அதன் பிறகு ஒன்றுதானே மிச்சம். அத்தான் விடவில்லை. 'ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாமா?' என்று கேட்டார். டாக்டரம்மா தலையை அசைத்தார். அது ஆமா என்பதற்கான அசைவு இல்லை.

பிறகு நான் ஒன்று கேட்டேன். 'எனக்குக் குடுக்கற பேச்சு முடிஞ்சுபோச்சு. இப்போ அவனுக்குன்னு மட்டும் பார்த்தா, என் தம்பி இளைக்கணுமா டாக்டர்?' என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீ முதல் தடவை வந்தபோது, எடை குறைந்தால்தான் கிட்னி எடுக்கலாம் என்று உன்னைத் திருப்பி அனுப்புமுன் எடுத்த பரிசோதனைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ரத்த அழுத்தம் சரியாக இருந்ததாம். சர்க்கரை இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்து எட்டிப்பார்க்கிறதாம். இடுப்புச் சுற்றளவு கூடுதல். 'கொஞ்சம் குறைச்சா அவருக்கு நல்லதுதான். மூணு வேளையும் சாப்பிட்டுக்கிட்டு, நடந்து, நிதானமா, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ எடுத்துக்கட்டும். ஒல்லியாகணும்னு அவசியமே இல்ல. நான் அன்னிக்குச் சொன்ன எடை ஆபரேஷன் டேபிளுக்கான எடை. வாழறதுக்கான எடை இல்ல' என்றார்.

நான் அதைத் திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். நீ அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால் இது உன் காதில் விழுந்திருக்கும்.

இந்தத் தடவை நீ வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. 'அதோ வரான்' என்று அத்தான் கைகாட்டினார். நான் உனக்குப் பின்னால் வந்த ஒரு பருத்த மனுஷரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தேன். அவரும் பாவம், பதிலுக்குக் கையசைத்தார். நீ பக்கத்தில் வந்து நின்றாய். கழுத்தில் தோல் தொங்கியது. சட்டை, ஆணியில் மாட்டிய மாதிரி இருந்தது. நீ சிரித்த சிரிப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆனால் தெருவில் எல்லோருக்கும் கொண்டாட்டம். எதிர் மருந்துக் கடைக்காரர் 'தம்பி, ஹீரோ கணக்கா ஆயிட்டீங்களே, ரகசியத்த எனக்கும் சொல்லுங்க' என்று தொப்பையைத் தடவிக்கொண்டே கேட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து உருண்டை, பூரிக்கட்டை, தண்ணி டேங்க் என்று பெயர் வாங்கிய பிள்ளை நீ. முதல் தடவையாக உன் உடம்பை நான்கு பேர் மெச்சினார்கள். பீரோக் கண்ணாடி முன்னால் நீ பக்கவாட்டில் திரும்பி நின்று பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். சந்தோஷம் தெரிந்தது. அடுத்த நிமிஷமே பீரோவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாய். தலைசுற்றல். கேட்டதற்கு 'விமானத்துல தூங்கல' என்றாய்.

அதே வாரம், சலவைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிறவள் என்னைப் பார்த்து 'இப்பத்தான் அக்கா நல்லா பூசினாப்ல, பார்க்க லட்சணமா இருக்கீங்க' என்றாள். வெளியே போக வழியில்லாமல் முகத்தில் தேங்கிய தண்ணீருக்குக் கிடைத்த பாராட்டு அது. நான் தேறுகிறேன் என்றும் நீ அழகாகிவிட்டாய் என்றும் பேசிக்கொண்டார்கள். நம் இரண்டு பேர் உடம்பையும் எல்லோரும் தலைகீழாகவே படித்தார்கள்.

சலவைக் கூடம் என்றதும் ஞாபகம் வருகிறது. இஸ்திரிப் பகுதியிலிருந்து என்னை மடிக்கிற மேஜைக்கு மாற்றியிருந்தார்கள் அல்லவா, இப்போது அதுவும் நின்றுவிட்டது. ஹோட்டல் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறித்தான் மடிக்க வேண்டும். நான் உதறினால் அது அசைவதே இல்லை. எதிர் முனையில் நின்ற பெண் என் பங்கையும் சேர்த்து உதறிக்கொண்டிருந்தாள், சொல்லாமல். நானாகவே மேற்பார்வையாளரிடம் போய், வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் 'உடம்பு சரியானதும் வாங்க' என்றார். நல்ல மனுஷன்.

டயாலிசிஸுக்குப் போய்வருவது நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மிஷினில் ஏறி நிற்க வேண்டும். எவ்வளவு கூடியிருக்கிறதோ அவ்வளவு நீரையும் டயாலிசிஸ் மிஷின் உறிஞ்சி எடுக்கும். உனக்கு இறங்க வேண்டும், எனக்கு ஏறக்கூடாது. ஒரு தராசு முள்ளுக்கு நம் வீடே பயந்துகொண்டிருந்தது. கையில் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகச் சேர்த்துத் தைத்த நரம்பு அடைத்துக்கொண்டது. மற்றக் கையில் செய்தது சரியாக அமையவே இல்லை. இப்போது கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். பார்க்க உனக்குப் பயமாக இருக்கும், எனக்குப் பழகிவிட்டது. கழுத்துக்கு அப்புறம் எங்கே என்று கேட்டதற்கு நர்ஸ் 'அப்புறம் பார்த்துக்கலாம்கா' என்று சொல்லிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தாள். பக்கத்து நாற்காலியில் கணக்கு வாத்தியார் ஒருவர் வருவார், எல்லோருக்கும் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொடுப்பார் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நாற்காலிக்கு இப்போது ஒரு புதுப் பெண் வருகிறாள். வாத்தியார் என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

என் ரத்தப் பிரிவுக்குக் கிட்னி கேட்டுக் காத்திருக்கிற ஆஸ்பத்திரி வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை இருப்பதால் அவரிடமிருந்து எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன் மருமகள், என் மகளைப் பற்றி. உன் உடல்வாகுதான் அவளுக்கு என்று பிறந்தபோதே சொன்னோம். அதே கன்னம், அதே கை. போன மாதம் அவள் தோழியின் அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்து, 'உங்க பொண்ணுக்கு எவ்வளவு நல்ல மனசு, தினமும் அவ சாப்பாட்டையும் என் பொண்ணுக்கே குடுத்துடறாளாம்' என்று நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து அவள் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்திருந்தாள். தையல் எனக்குத் தெரியாமல் இருக்க அதே நிற நூல். அவள் அலமாரியில், நீ விட்டுப்போன சின்னப் பையில் இருந்த பொடி டப்பா. பாதிக்கு மேல் காலி.

உட்காரவைத்துக் கேட்டேன். அழவில்லை. 'மாமாவால முடியல. நான் முடிச்சுக் காட்டறேன். அடுத்த வருஷம் எனக்குப் பதினெட்டு ஆயிடும், அப்போ உன்னால வேண்டாம்னு சொல்ல முடியாது' என்றாள். கிளம்பத் தயாராக நிற்கிறவள் மாதிரி சொன்னாள். அத்தான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பஸ் நிறுத்தம் வரை நடந்துவிட்டு வந்தாராம். பஸ் ஓட்டுகிற மனுஷன் நடந்தே போனார் என்றால் பார்த்துக்கொள்.

டப்பாவைக் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மறுநாளே அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். நல்லவேளை, ரத்தத்தில் கோளாறு இல்லை. அவள் வயதுக்கு அவள் எடை சரிதான், இளைக்க வேண்டியதே இல்லை என்று அவளிடமே சொன்னார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் தட்டில் போட்டதில் பாதியை ஒதுக்கி வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்தால் சாப்பிடுகிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் யார் எதிரில் உட்காருவது?

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளிடமிருந்து நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். பதினெட்டு ஆனாலும் சரி, முப்பது ஆனாலும் சரி. டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டேன். அத்தான் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பழம் வாங்கிவந்து, நான் சாப்பிடக்கூடாத பழம் என்று ஞாபகம் வந்து, கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

தம்பி, உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இருந்தால் திட்டி எழுதியிருப்பேன், என் வாய் உனக்குத் தெரியும். ரொட்டி வாசனைக்கு நடுவே நாள் முழுக்க நின்றுகொண்டு, ஒரு துண்டுகூட வாயில் போடாமல் இத்தனை மாதம் இருந்திருக்கிறாய். அடுப்பின் முன்னால் மயங்கி விழுந்ததையும் மீசைக்காரர் சொல்லிவிட்டார். எனக்காக ஒருவன் அவ்வளவு பசித்திருந்தான் என்பதே எனக்குப் போதும். அதற்கு மேல் உன்னிடமிருந்து வாங்க என்ன இருக்கிறது?

இனி உன் எடை என் கணக்கு இல்லை, உன் கணக்கு. நடக்க வேண்டும் என்று தோன்றினால் நட. சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் கொஞ்சம் குறை. ஒரு நல்ல டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய். என் பெயரைச் சொல்லி ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்காதே. கொடுக்க முடியாமல் போனதற்குத் தண்டனையாகவும் கிடக்காதே. நீ இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் சந்தோஷம்.

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. என்னிடம் பேச உனக்குக் கூச்சமாக இருந்தால் பேசாதே, நான் காத்திருக்கிறேன். அவளுக்குப் போன் பண்ணு. 'நான் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா?' என்று கேள். நான் கேட்டால் 'நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவே' என்கிறாள். நீ கேட்டால் கேட்பாள். கொடுக்கவேண்டும் என்று உயிரைக் கொடுத்து முயன்றும் கொடுக்க முடியாமல் போன ஒரு மனுஷன், அதன் பிறகும் சாப்பிடலாம், தூங்கலாம், ஒரு தமாஷுக்குச் சிரிக்கலாம், அதில் பாவம் ஒன்றும் இல்லை என்பதை அவளுக்கு யாராவது வாழ்ந்து காட்ட வேண்டும். அத்தானால் அது ஆகாது, அவர் உடைந்துபோவார். உன்னால்தான் ஆகும். இப்போதே பழகிக்கொண்டால் பின்னால் அவளுக்கு உதவும்.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் கேட்டுப் பார்த்து வா. தள்ளிப்போடாதே.

நீ நிறைந்த வயிறும் நிறைந்த மனசுமாக, தலைநரைத்து, அவள் பிள்ளைகளுக்குத் தாத்தாவாகி உட்காரும்வரை நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் உன் மடியில் ஏறினால், உட்கார வசதியாக இருக்க வேண்டும்.

அன்பும் ஆசீர்வாதமும்,
உன் அக்கா