மஞ்சுநாத்தோடு வாக்குவாதம்

மார்ச் 3, செவ்வாய்

பெங்களூர் வந்து ஏழு வாரம். ஆபீசில் இன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். யார் எப்படிப் பேசுகிறோம் என்று கண்டுபிடிக்கவாம். “வாக்குவாதம் செய்வது எனக்குப் பிடிக்கும்” — ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மார்க் போட வேண்டும். யோசிக்காமல் ஐந்து போட்டேன். ஆரணியில் எங்கள் வீட்டில் யாராவது ஒன்று போட்டால், உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இங்கே எனக்கு வாய்த்த ஒரே மனுஷர் பக்கத்து சீட் மஞ்சுநாத். தினமும் அவரோடு ஒரு சண்டை. நான் பேசப் பேச, “பிடி வைஷ்ணவி, பிடி” என்று உசுப்பேற்றுவார். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார், கன்னட வாய்.

மார்ச் 5, வியாழன்

டெஸ்டிங்கை ஒரு வாரம் தள்ளலாம் என்றார். கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “பிடி” என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். ஜெயித்துவிட்டேன். அப்புறம் ஏன் டீக்குக் கூப்பிடவில்லை?

மார்ச் 10, செவ்வாய்

மஞ்சுநாத் வேறு டீமுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார். ஹெச்.ஆர். நோரா சொன்னாள். அவள் பிறந்து வளர்ந்ததே சிவாஜிநகரில். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம்.

“உன்னாலதான் வைஷு. தினம் சண்டை போடுறியாமே.”

“அவருதான் பிடி, பிடின்னு சொல்வாரு.”

நோரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கன்னடத்துல அதுக்கு ‘விடுங்க’ன்னு அர்த்தம்.”

எட்டு வாரமா ஒரு மனுஷன் விடுங்க, விடுங்கன்னு கெஞ்சியிருக்காரு. நான் இன்னும் கெட்டியாப் பிடிச்சிருக்கேன். சே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, போதும்னு தமிழ்ல சொல்லக் கூடாதா? அவருக்குத்தான் தமிழ் வருதே — பார், இங்கேயும் அவரோடு சண்டைக்குத்தான் நிற்கிறேன்.

மார்ச் 11

யார் என்ன சொன்னாலும் “சரி”. நாக்கு அரிக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். அதையும் வாதமாகத்தான் ஆரம்பிப்பேன் என்று பயந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். போனில் அம்மா, “என்னடி, எதுத்தே பேச மாட்டேங்குற? என்ன ஆச்சு?” என்றாள். அழுதுவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

அவரே வந்தார். “கோவமா வைஷ்ணவி? எங்க வீட்ல ஒருத்தர் வாய் மூடிட்டா, அதுதான் பெரிய சண்டை.”

எல்லாவற்றையும் சொன்னேன். ‘பிடி’ கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தத் தைரியத்தில், போகாதீர்கள் என்று மூன்று காரணம் அடுக்கினேன். நாலாவதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இல்ல. நான் போறேன். அந்த வேலை எனக்கு இஷ்டம்.”

இதுவரை அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் ‘இல்ல’. வலித்தது. நாலாவது காரணத்தை விட்டுவிட்டேன்.

மார்ச் 25, புதன்

மதியம் மூன்றாம் மாடியிலிருந்து மஞ்சுநாத் இறங்கி வந்தார். புது டீமில் எல்லாரும் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்களாம். “போர் ஆகத்தே, ரொம்ப போரடிக்குது” என்று என் எதிரில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

“ம், ஆரம்பிங்க” என்றார்.