புறாக் காலில் என் நூல்

மார்ச் 4, திங்கள்
கோயிலுக்கு மாலை கொடுக்கப் போனேன். பின்பக்கம் ஒரு புறா ஒற்றைக் காலில் நின்றது. மற்ற கால் கறுத்து வீங்கியிருந்தது. எங்கள் ராசா ஊர் முழுக்க இதே பேச்சுதான், புறாவுக்கெல்லாம் நோய் வந்துவிட்டதாம். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் முடிந்ததும் விஷ மருந்து வைக்கக் கோயில் தலைவர் தர்மேந்திரன் ஆளுக்குச் சொல்லிவிட்டாராம். பாவம், அதுக்கு வாயா இருக்கு?

துண்டைப் போட்டுப் பிடித்து, பூக்கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சன்னாசி ஒரு பார்வை பார்த்தார். புருஷன் பார்வைக்கெல்லாம் பயந்தால் பூக்கடை நடத்த முடியுமா?

மார்ச் 5
நோயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்தேன். சன்னாசி பிடித்துக்கொள்ள, புருவம் பிடுங்கும் இடுக்கியால் மெதுவாக இழுத்தேன். நூல். சதைக்குள் இறங்கிய நூல்.

ரோஸ் கலர் நைலான். என் கடை நூல்.

ஐயோ, நானா? ராசாவில் ரோஸ் நூலில் மாலை கட்டுறது நான் ஒருத்திதானே. வாழைநார் அறுந்துபோகுதுன்னு மாத்தினேன். பழைய மாலையைப் பின்னால கொட்டுறாங்க, புறா அதுல மேயுது, கால் மாட்டிக்குது. மூணு வருஷமா!

மார்ச் 6
ஒரு விரல் போய்விட்டது. மற்றவை தப்பித்தன. பச்சரிசி தின்கிறது, கொஞ்சம் திமிராகவே.

மார்ச் 9
சொல்வதா, வேண்டாமா? சொன்னால் கோயில் ஆர்டர் போய்விடும். அது போனால் கடையில் என்ன இருக்கிறது, ஈ ஓட்டலாம். சொல்லாவிட்டால் நாளைக்கு மருந்து.

சன்னாசியிடம் கேட்டேன். "ஊருக்கே வாய் பேசுற, இதுக்கு மட்டும் என்ன? போய் சொல்லு லா" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு
போனேன். கூட்டத்தில், காலிலிருந்து எடுத்த நூலை மேசையில் வைத்தேன். பக்கத்தில் இன்றைக்குக் கட்டிய மாலை.

"இது நோய் இல்ல தலைவரே. என் நூல். மருந்து வைக்கணும்னா எனக்குத்தான் வைக்கணும்."

தர்மேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூலைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். மருந்துக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு என்னிடம், "மறுபடி நார்ல கட்ட முடியுமாம்மா?"

முடியுமாவா! பகாவ் ஊரில், பஞ்சாலை என்கிற என் தோழியின் வீட்டுக்குப் பின்னால் முழுக்க வாழைதான். வாசலுக்கு வந்ததும் அழுதுவிட்டேன்.

மார்ச் 17
நொண்டும் புறா இன்னும் ஆறு. எல்லாவற்றுக்கும் நூல் எடுத்தோம். தலைவரே துண்டோடு பிடித்தார். ஒன்று அவர் வெள்ளைச் சட்டையில் எச்சம் போட்டது. ஆசீர்வாதம் என்றார். பழைய மாலைக்கு மூடி போட்ட தொட்டியும் வந்துவிட்டது.

மார்ச் 24
கூடையைத் திறந்து என் புறாவைப் பறக்க விட்டேன். நன்றிகூடச் சொல்லாமல் பறந்தது, கழுதை.

ஏப்ரல் 2
வாழைநாரை நனைக்க மறந்து மாலை கட்டினேன். விரலெல்லாம் வெட்டு.

மே 12, ஞாயிறு
காலையில் கோயில் பின்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். நாற்பத்து மூன்று புறா. விரல் குறைந்த கால்கள் உண்டு. நூல் சுற்றிய கால் ஒன்றுகூட இல்லை. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.