பின்சுவரில் ஒரு வாசல்

அக்கா மகளே,

நீ கட்டிய சமுதாயக் கூடத்துக்கு ஈ காக்கா வராது என்று நான் அன்றைக்கே சொன்னேனே! சரி, மனசுக்குள் சொன்னேன்.

வாசல் பெரிய ரோட்டைப் பார்க்கிறது. தெருக்காரர்களோ பின்சந்தில், குழாயடியில்தான் கூடுகிறார்கள். நேற்று தையல்காரம்மா கேட்டாள்: "உங்க பொண்ணு எங்களுக்குக் கட்டினாளா, பஸ்ல போறவனுக்குக் கட்டினாளா?" சிங்கம் மாதிரி பாய்ந்தேன். தப்பி ஓட, செருப்பைத் தேடித்தான்.

பின்சுவரை உடைத்து வாசல் வை. செங்கல் நான் சுமக்கிறேன். உன்மேல் தப்பில்லை. "வீடு வீடாகக் கேட்டேன், எல்லாரும் ரோட்டுப் பக்கம்தான் வாசல் வேணும்னாங்க" என்று நான் சொன்னதை நம்பித்தானே பிளான் வரைந்தாய்?

ரோட்டில் போகிறவனெல்லாம் "யார் கட்டினது?" என்று கேட்பான், மார்தட்டிச் சொல்லலாம் என்று ஆசைப்பட்டேன். ஒரு வீட்டுக் கதவைக்கூட நான் தட்டவில்லையம்மா.

இப்படிக்கு,
உன் வாய்ச்சவடால் மாமா