மைக்கில் நான் இழுத்த வார்த்தை

மச்சான்,

மைக்கின் மேல் மாட்டுகிற மஞ்சள் ஸ்பாஞ்ச் உறையைத் துவைக்கலாம் என்று இன்று காலை கழற்றினேன். கையில் எடுத்ததும் இஞ்சி வாசனை. ஓவருக்கு ஓவர் நீ என் வாயில் திணித்த இஞ்சி மிட்டாய்தான், வேறென்ன. "தொண்டைய காப்பாத்திக்கோ மாமே, அடுத்த மேட்ச்சும் கீது" என்பாய். துவைக்காமல் அப்படியே திரும்ப மாட்டிவிட்டேன்.

ஆவடி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச். உன் போனில் லைவ், என் கையில் மைக். நீ போன் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நிற்பாய், நான் உனக்கும் சேர்த்துக் கத்துவேன். என் இங்கிலீஷ் முழுக்க நெட்டில் கமென்டரி கேட்டுக் கற்றது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை இன்கிரெடிபிள். சிக்ஸ் போனால் "இன்ன்ன்கிரெடிபிள்!" என்று மூச்சு முட்டும்வரை இழுப்பேன். இழுத்து முடித்ததும் நம் பசங்கள் சேர்ந்து விசிலடிப்பார்கள். அது மைதானத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டது. வைடு போட்டாலும் இன்கிரெடிபிள், டீ சூடாக வந்தாலும் இன்கிரெடிபிள்.

ஒரு நாள் லைவில் யாரோ கமென்ட் போட்டிருந்தார்கள்: "அண்ணாத்தே, அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்னு தெரிஞ்சிதான் கத்துறியா?" எனக்குச் சுருக்கென்றது. நீ சிரித்துக்கொண்டே டீக்கடையில் உட்கார்ந்து தேடினாய். நானும் உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். நம்ப முடியாதது என்பதுதான் அர்த்தம். லத்தீனில் 'கிரேதெரே' என்றால் நம்புவது, முன்னால் வரும் 'இன்' அதை இல்லையென்று ஆக்குகிறது. முதலில் நம்பத்தகாத விஷயத்தைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வாயைப் பிளக்க வைக்கிற எதற்கும் அதுவே பாராட்டாகிப்போனது அப்புறம்தான்.

நீ விடவில்லை, இன்னும் கீழே தள்ளிப் படித்தாய். "டேய், எங்கம்மா சர்ச்ல விசுவசிக்கிறேன்னு ஒரு ஜெபம் சொல்வாங்கல்ல? லத்தீன்ல அதோட மொத வார்த்த 'கிரேதோ'வாம். நம்பறேன்னு அர்த்தம். அதே வேர்தான். ஞாயித்துக்கெழம காலைல எங்கம்மா நம்பறேங்கிறாங்க, மத்தியானம் நீ மைக்க புடிச்சிகினு நம்ப மாட்டேங்கற!"

"அப்ப சிக்ஸ் போனா இன்னாதான் சொல்றது?" என்று கேட்டேன்.

"பாத்தத சொல்லு. நம்பறதா வேணாமான்னு கேக்கறவன் முடிவு பண்ணிப்பான்."

அடுத்த வாரமே மறந்துவிட்டேன்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து, சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலில் எல்லாரும் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மைக்ல நல்லா பேசுவியாமே. அவன பத்தி ரெண்டு வார்த்த சொல்லுப்பா. வீட்ல வாயே தொறக்க மாட்டான். வெளிய எப்படி இருந்தான்னு எனக்கும் தெரியணும்ல?"

அவர் கேட்டது அவ்வளவுதான். உன்னைப் பார்த்தவன் நான். எனக்குத்தான் தெரியும்.

ஃபாதரிடமிருந்து மைக்கை வாங்கினேன். அவர் முன்வரிசையில் கர்ச்சீப்பை மடியில் விரித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு மூச்சு ஏறியது. கூட்டத்தையும் மைக்கையும் சேர்த்துப் பார்த்தால் என் உடம்புக்கு ஒன்றுதான் தெரியும்போல. "நம்ம நண்பன்... என்ன மனுஷன்... இன்ன்ன்கிரெடிபிள்!" என்று இழுத்தேன். அதே மைதானத்துக் குரல். கடைசி வரிசையில் இருந்த நம் பசங்கள், பழக்கதோஷம், விசிலடித்துவிட்டார்கள்.

விசில் பாதியில் நின்றது. ஃபாதர் தலையைக் குனிந்துகொண்டார். உன் சித்தப்பா, "சாவு ஊட்ல இன்னாடா இது, கிரவுண்டா?" என்று எழுந்தார். நான் மைக்கை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். சாப்பிடவில்லை. இரவு பூராவும் அந்த விசில் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பசங்கள் குரூப்பில் ஒருத்தனும் ஒரு எமோஜிகூடப் போடவில்லை.

நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா கதவைத் திறந்து, "வாப்பா" என்று மட்டும் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "அந்த விசில விடு," என்றார். "அவன் செஞ்சது எதுனா ஒண்ணு சொல்லுவேன்னு பாத்தேன்."

அப்போதுதான் சொன்னேன், மச்சான். இழுக்காமல், கத்தாமல். காட்டுப்பாக்கம் டீமோடு ஆடின அன்று கடைசி ஓவரில் மழை. நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடிவிட்டேன். லைவில் ஒருத்தர் வெளிநாட்டிலிருந்து, 'தம்பி கட் பண்ணிடாதீங்க, பேட்டிங் என் பையன்' என்று எழுதியிருந்தார். நீ சட்டையைக் கழற்றி, போன் ஸ்டாண்டுக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாய். கடைசிப் பந்துவரை வெற்றுடம்போடு மழையில் நின்றாய். அந்தப் பையன் அடித்தது வெறும் ஒரு ரன். நீ அதையும் விடாமல் காட்டினாய்.

"நெசமாவா?" என்றார்.

"நான் பாத்தேன்மா."

"நீலக் கட்டம் போட்ட சட்டையா?"

"ஆமாம்மா."

"சொட்டச் சொட்ட வந்து நின்னான். அந்தத் திட்டு திட்டினேன். ஏன்டா நனைஞ்சேன்னா பதிலே சொல்லல, சிரிச்சிகினு நின்னான்." கர்ச்சீப்பைத் தேடி, கிடைக்காமல், முந்தானையால் துடைத்துக்கொண்டார். "நம்பறேன்பா. அவன் அப்படித்தான் செஞ்சிருப்பான். ஆனா இத அன்னிக்கே, அத்தினி பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமே நீ."

வீடு திரும்பும்வரை அந்தக் கடைசி வரிதான் கூடவே வந்தது. இப்போதும் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மேட்ச். கேமராவுக்குப் பின்னால் யார் நிற்பது என்று இன்னும் யாரும் பேசவில்லை. மைக் என்னிடம்தான், உறையில் உன் இஞ்சி வாசனையோடு. சிக்ஸ் போனால் பந்து எங்கே விழுந்தது என்று சொல்வேன். அடித்தவன் பெயரைச் சொல்வேன். பசங்கள் விரலை வாயில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தைக்காகக் காத்திருப்பார்கள்.